மேடு பொய் சொல்வதில்லை



எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஐயத்துடன் என்னிடம் வந்தான். "மாமா, புது எஞ்சின் வாங்கி இருபது நிலக்கரி வேகன் கோத்திருக்கிறேன். சமதரையில் நன்றாக ஓடுகிறது. குன்று வந்ததும் நத்தை மாதிரி ஊர்கிறது. பின்னால் வருகிற வண்டியெல்லாம் சிக்னலில் நிற்கிறது. என்ன தப்பு?" என்று கேட்டான்.

அவனிடம் எஞ்சினும் கிடையாது, வேகனும் கிடையாது என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எல்லாம் கணிப்பொறித் திரையில்தான். இருப்புப்பாதை அமைக்கும் விளையாட்டு அது.

சற்று நேரத்தில் அவன் தந்தையும் வந்தார். "சார், நீங்கள் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவர். இதை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். மகனுக்கு ஒரு பதில், தந்தைக்கு ஒரு பதில் என இரண்டு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டையும் சேர்த்து யோசித்தபோது தோன்றியதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, 2001-ஆம் ஆண்டில், நானும் இந்த வலையில் விழுந்தவன்தான். நண்பன் வீட்டில் ஒரு பழைய கணிப்பொறி இருந்தது. அதில் அப்போதே பழையதாகிவிட்ட ஒரு விளையாட்டு இருந்தது. தேர்வுக்கு முந்திய படிப்பு விடுமுறையில் மூன்று நாள்களை அதற்குக் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் ஒரு தாளில் வாங்கிய மதிப்பெண்ணை இன்றும் வீட்டில் சொல்வதில்லை! ஆகவே, தந்தையின் அச்சம் வெறும் அச்சமன்று என்பது எனக்குத் தெரியும்.

விளையாட்டின் வரலாறு

இவ்வகை விளையாட்டின் வேர் கணிப்பொறியில் இல்லை, அட்டையில் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் டிரெஷம் என்பவர் 1974-இல் '1829' என்ற அட்டை விளையாட்டை வெளியிட்டார். கம்பெனிப் பங்குகளை வாங்கி, அறுகோணக் கட்டங்களில் இருப்புப்பாதை போடும் விளையாட்டு அது. அதன் வழிவந்த '1830' அமெரிக்காவில் 1986-இல் வெளிவந்தது. அதற்காக உழைத்தவர்களுள் ஒருவர் புரூஸ் ஷெல்லி. பின்னர் அவர் சிட் மையர் என்பவருடன் சேர்ந்தார். மையர் முதலில் பொம்மை ரயில் ஓட்டுவதுபோன்ற ஒரு சிறிய புரோகிராமையே எழுதத் தொடங்கினாராம். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தனர். 1990-இல் 'ரெயில்ரோடு டைகூன்' வெளிவந்தது. நான் மூன்று நாள்களைப் பறிகொடுத்தது அதனிடம்தான்.

1994-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிறிஸ் சாயர் 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' என்ற விளையாட்டைப் படைத்தார். அதையே மாதிரியாகக் கொண்டு 2004-இல் 'ஓப்பன் டி.டி.டி.' என்ற இலவச விளையாட்டு பிறந்தது. அதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். பக்கத்து வீட்டுச் சிறுவன் விளையாடுவது இதைத்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு முந்திய விளையாட்டு. இன்றைய விளையாட்டுகளின் பளபளப்பு அதில் இல்லை. சிறுசிறு மரங்கள், எறும்பு ஊர்வதுபோல் ஊரும் ரயில்கள். இருந்தும் ஒருமுறை உட்கார்ந்தவன் எழுந்திருப்பதில்லை. காரணம் என்ன?

கையில் கொஞ்சம் பணம். இங்கே ஒரு சுரங்கம், அங்கே ஒரு மின்நிலையம், நடுவே ஒரு குன்று. குன்றைச் சுற்றிப் போவதா, ஏறிப் போவதா, குடைந்து போவதா? சுற்றினால் நேரம் கூடும். ஏறினால் வேகம் குறையும். குடைந்தால் பணம் கரையும். எதைச் செய்தாலும் ஒன்றை இழக்க வேண்டும். நீங்கள் ஒரு முடிவு எடுக்கிறீர்கள். அது சரியா, தவறா என்பது உடனே தெரியாது. விளையாட்டின் கணக்கில் ஐந்து ஆண்டு கழித்து, வண்டிகள் பெருகிய பிறகு, அந்தக் குன்றடியில் நெரிசல் ஏற்படும்போதுதான் தெரியும். அப்போது யாரையும் குறை சொல்ல முடியாது. பாதை போட்டவர் நீங்கள்தான். தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துத் திருத்துவதில் ஒரு தனி இன்பம் உண்டு அல்லவா? இந்த விளையாட்டின் கவர்ச்சியில் பெரும்பங்கு அதுவே என்பது என் கருத்து.

குன்றின் கணக்கு

இனி, சிறுவனின் கேள்விக்கு வருவோம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினையும் சேர்த்து 1,000 டன் எடையுள்ள ரயிலை எண்ணிக்கொள்வோம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. மெதுவாகச் செல்லும் வண்டியில் ஒரு டன்னுக்குச் சுமார் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். அப்படியானால் சமதரையில் 1,000 டன் ரயிலை இழுக்கத் தேவையான விசை 2 டன் எடைக்குச் சமம்.

இப்போது பாதை 100 அடிக்கு 1 அடி வீதம் ஏறுகிறது. கண்ணால் பார்த்தால் மேடு என்றே தோன்றாது. சாய்வுத்தளத்தில் எடையின் ஒரு கூறு கீழ்நோக்கி இழுக்கும் என்று படித்திருக்கிறீர்கள். இங்கு அந்தக் கூறு எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 டன். முன்னைய 2 டன்னையும் சேர்த்தால் 12 டன். சமதரையில் தேவைப்பட்டதைப்போல் ஆறு மடங்கு!

மேடு இன்னும் கூடி 40 அடிக்கு 1 அடி ஆனால்? எடையின் கூறு 25 டன். தடையையும் சேர்த்து 27 டன். இங்கே வேறொரு தொல்லை குறுக்கிடுகிறது. நம் எஞ்சினின் எடை 100 டன் என்றும், அது முழுவதும் இயக்கும் சக்கரங்களின்மேல் இருக்கிறது என்றும் கொள்வோம். ஈரமில்லாத நல்ல தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் பற்றும் விசை அந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 டன். தேவையோ 27 டன். எஞ்சினுக்கு எவ்வளவு திறன் இருந்தாலும் சரி, சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். ரயில் நகராது.

ஒன்றைக் கவனியுங்கள். எஃகின்மேல் எஃகு எளிதாக ஓடுவதால்தான் சமதரையில் ரயில் இவ்வளவு சுமையை இழுக்கிறது. அதே வழவழப்புதான் மேட்டில் அதைக் கைவிடுகிறது. ஒரே பண்பு ஓரிடத்தில் பலமாகவும் மற்றோர் இடத்தில் பலவீனமாகவும் இருக்கிறது.

இதை ஜார்ஜ் ஸ்டீபன்சன் நன்கு அறிந்திருந்தார். 1830-இல் திறக்கப்பட்ட லிவர்பூல் - மான்செஸ்டர் இருப்புப்பாதையில் ஆலிவ் மவுண்ட் என்ற இடத்தில் பாறை குறுக்கிட்டது. பாதையை மேலேற்றாமல், 20 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குப் பாறையை வெட்டி அதனூடே பாதையைக் கொண்டுபோனார். பாறை வெட்டும் செலவு ஒருமுறையோடு முடியும். மேட்டுக்கான செலவோ ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு நாளும் உண்டு.

சிறுவனும் நானும் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தோம். அவன் பத்து வேகன்களைக் கழற்றிவிட்டான். பின்னர் குன்றைச் சுற்றி இன்னொரு பாதை போட்டான். பாடநூலில் சாய்வுத்தளக் கணக்கை அவன் வெறுப்போடு செய்திருக்கிறான். இங்கே தன் வண்டி நின்றுபோனதால் விருப்பத்தோடு செய்தான். அவன் தந்தைக்கு நான் சொன்ன பதிலின் முதற்பகுதி இதுதான்: "விளையாட்டை விடச் சொல்ல மாட்டேன்."

இரு வகை விதிகள்

ஆனால் பதிலுக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. அது சிறுவனுக்கானது, உங்களுக்குமானது.

அதே விளையாட்டில் பணம் எப்படி வருகிறது? சரக்கின் அளவு, எடுத்துக்கொண்ட நாள்கள், இரு நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஆகியவற்றைக் கொண்டு கூலி தரப்படுகிறது. நிலக்கரி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். பயணிகளுக்குத் தாமதமானால் கூலி விரைவில் குறையும். தொலைவை அளக்கும் முறைதான் வேடிக்கை. ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்று கிழக்கே 60 கட்டமும் வடக்கே 80 கட்டமும் தள்ளி இருக்கிறது என்போம். பிதாகரஸ் தேற்றப்படி நேர்த்தொலைவு 100 கட்டம். விளையாட்டோ 60-ஐயும் 80-ஐயும் கூட்டி 140 கட்டத்துக்குக் கூலி தருகிறது.

பிதாகரஸ் தவறு செய்தாரா? இல்லை. குன்று வண்டியை இழுப்பது இயற்கையின் விதி. கூலி 140-க்கு என்பது புரோகிராம் எழுதியவர் வகுத்த விதி. வேறொருவர் 100 என்று எழுதியிருக்கலாம். இரண்டும் ஒரே திரையில், ஒரே மாதிரி எண்களாகத் தோன்றுகின்றன. விளையாடுபவனுக்கு இரண்டும் ஒன்றே. இங்குதான் நாம் விழித்திருக்க வேண்டும்.

திரைக்கு வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இருப்புப்பாதைக்கு 1862-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. யூனியன் பசிபிக் கம்பெனி கிழக்கிலிருந்தும், சென்ட்ரல் பசிபிக் கம்பெனி மேற்கிலிருந்தும் பாதை போட வேண்டும். அரசு கடன் பத்திரங்களாக உதவி தரும். சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், உயர்ந்த மலையில் 48,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000 டாலர். மலையில் செலவு அதிகம் என்பதால் உதவியும் அதிகம். நியாயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் மலை எங்கே தொடங்குகிறது? சேக்ரமெண்டோ நகரிலிருந்து சுமார் 7 மைல் தொலைவில் ஆர்க்கேட் என்றோர் ஓடை. அங்கு நிலம் பெரும்பாலும் சமவெளியாகவே இருக்கும். அங்குள்ள மண் மலையடிவார மண்ணைப் போன்றது என்ற நிலவியல் கருத்தைக் காட்டி, மலை அங்கேயே தொடங்குவதாகக் கம்பெனி வாதிட்டது. அதிபர் லிங்கன் அதை ஏற்றுக்கொண்டார். உண்மையான ஏற்றம் இன்னும் பல மைல்களுக்கு அப்பால்தான் இருந்தது. காகிதத்தில் மலை நகர்ந்தது. எஞ்சினுக்கு அந்த மலை தென்படவே இல்லை!

கிழக்கே யூனியன் பசிபிக், ஒமாகா நகரை அடுத்துப் பாதையை ஏறத்தாழ 9 மைல் வளைத்துப் போட்டது. மேட்டைத் தவிர்க்க என்று காரணம் சொன்னார்கள். மைல் கணக்கில் உதவி கிடைத்ததையும் மறக்கக் கூடாது. கடைசியில் யூட்டா பகுதியில் இரு கம்பெனிகளின் ஆட்களும் ஒருவரை ஒருவர் தாண்டிச் சென்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதைகளுக்கு மண் வெட்டிக்கொண்டே போனார்கள். எங்கே சந்திப்பது என்று சட்டம் முன்கூட்டிச் சொல்லவில்லை. 1869-இல் அரசு தலையிட்டு இடத்தைக் குறித்த பிறகுதான், மே 10 அன்று புரோமண்டரி உச்சியில் இரு பாதைகளும் இணைந்தன.

விதியை எப்படி எழுதுகிறோமோ அப்படிப் பாதை வளையும். நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1849-இல் இங்கிலாந்துக் கம்பெனிகளுடன் செய்த ஒப்பந்தங்களில், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று எழுதப்பட்டது. வருமானம் குறைந்தால் அந்தக் குறையை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு செலவு செய்தாலும் வட்டி உறுதி என்றால் சிக்கனமாகக் கட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

வரைபடத்தில் இல்லாதவர்கள்

'ரெயில்ரோடு டைகூன்' விளையாட்டில் மேற்கு அமெரிக்க வரைபடம் ஒன்று உண்டு. அதில் ஆட்டம் 1866-இல் தொடங்கும். சுரங்கப்பாதை வேண்டுமா? விசையை அழுத்தினால் பணம் குறையும், மலை திறந்துவிடும்.

அதே 1866-இல் சியரா நெவாடா மலையுச்சியில் உண்மையான சுரங்கப்பாதை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கருங்கல் பாறை. நீளம் 1,659 அடி, அதாவது சுமார் 506 மீட்டர். இரு முனைகளிலிருந்தும் குடைந்தார்கள். நடுவில் கிணறுபோல் இறங்கி அங்கிருந்தும் இரு பக்கம் குடைந்தார்கள். வெடிமருந்து வைத்தும் ஒரு முகப்பில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் அடிதான் முன்னேற முடிந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். சென்ட்ரல் பசிபிக் பாதையில் உச்சகட்டத்தில் 10,000 பேருக்கு மேல் உழைத்தார்கள். பனிச்சரிவிலும் வெடி விபத்திலும் பலர் மாண்டார்கள். 1867 ஜூன் மாதம் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி அவர்களுக்கு உணவு போவதை நிறுத்தியது. சுமார் ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

விளையாட்டில் இவர்கள் இல்லை. சமவெளியில் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த செயென், லகோட்டா முதலிய பழங்குடி மக்களும் இல்லை. வரைபடம் திறக்கும்போது நிலம் வெறுமையாக, உங்கள் பாதைக்காகவே காத்திருப்பதுபோல் இருக்கிறது.

"விளையாட்டு என்றால் சிலவற்றை விட்டுத்தானே ஆக வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இயற்பியலிலும் நாங்கள் விடுகிறோம். 'உராய்வற்ற தளம்', 'எடையற்ற கயிறு' என்று கணக்கில் எழுதுகிறோமே! அப்படி ஒரு கயிறு எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் எதை விட்டோம் என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறோம். விடுவது குற்றமன்று. விட்டதைச் சொல்லாமல் இருப்பதும், விளையாடுபவன் அதை மறந்துபோவதும்தான் குறை. இருபது ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் இரவுபகலாக விளையாடிய எனக்கு, அந்தச் சுரங்கப்பாதையை யார் குடைந்திருப்பார்கள் என்ற கேள்வி ஒருமுறைகூடத் தோன்றவில்லை. படிப்பு விடுமுறை வீணானதைவிட இன்று எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

ஒரு சிறு சோதனை

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை இந்த விளையாட்டில் உட்காரும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தை நீளவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள். முதற்பத்தியில் இயற்கையின் விதிகளை எழுதுங்கள்: மேட்டில் வேகம் குறைகிறது, கனமான வண்டி மெல்ல வேகம் பிடிக்கிறது. இரண்டாம் பத்தியில் மனிதர் வகுத்த விதிகள்: கூலிக் கணக்கு, வட்டி, நிலத்தின் விலை. மூன்றாம் பத்தியில் விட்டுப்போனவை. மூன்றாம் பத்தி நிறைய நேரமாகும். ஆனால் ஒருமுறை நிறையத் தொடங்கினால் பக்கம் போதாது.

ஒரு விதி எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று ஐயம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. 'ஓப்பன் டி.டி.டி.' விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் ரயில்பாதை மேட்டின் சாய்வு எத்தனை சதவீதம் என்று ஓர் எண் இருக்கும். வழக்கமாக அது 3. அதைச் சுழியம் ஆக்கிவிட்டால் குன்று இருக்கும், ஆனால் இழுக்காது. வண்டிகள் சமதரையில் போவதுபோல் போகும். திரைக்குள் இயற்கையையும் திருத்தலாம்.

நம் நீலகிரியில் அது முடியுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் பாதையில் ஏற்றம் மிகக் கடுமையான இடங்களில் 12 அடிக்கு ஏறத்தாழ 1 அடி. சாதாரண ரயில் அங்கு வழுக்கும் என்பதை மேலே போட்ட கணக்கிலிருந்து நீங்களே சொல்லிவிடலாம். அதனால்தான் கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். எந்தச் சட்டமும் எந்த ஒப்பந்தமும் அந்தச் சாய்வில் ஒரு சிறு பின்னத்தையும் குறைக்க முடியாது. ஆனால் கூலி எவ்வளவு, செலவு யாருடையது, நிலம் யாருடையது என்பவை அப்படிப்பட்டவை அல்ல. அவை மனிதர் எழுதியவை. மனிதர் திருத்தவும் முடியும். மாற்ற முடியாததையும் மாற்றக்கூடியதையும் பிரித்தறியத் தெரிந்தவனையே நான் படித்தவன் என்பேன்.

பக்கத்து வீட்டுத் தந்தையும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விளையாடலாம், நோட்டுப் புத்தகம் கட்டாயம் இருக்க வேண்டும். சென்ற வாரம் அதை வாங்கிப் பார்த்தேன். முதற்பத்தியில் நான்கு வரி, இரண்டாம் பத்தியில் ஒன்பது வரி. மூன்றாம் பத்தியில் ஒரே வரி: "ரயிலை ஓட்டுபவர்."

உண்மைதானே! அத்தனை ரயில்கள் ஓடும் அந்தத் திரையில் ஓட்டுநர் ஒருவரைக்கூட நாம் பார்ப்பதில்லை. எனக்கு அது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. உங்கள் மூன்றாம் பத்தியில் என்னென்ன வருகின்றன என்று பாருங்கள்.